திறந்தது இரண்டு, மூடியது ஒன்றுமில்லை

ஹஜ்ரத் தன் போனை என் மேசை மேல் வைத்து, இரண்டு விரலால் அந்த வரியைப் பெரிதாக்கினார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க." எனக்கு அரபு படிக்கத் தெரியாது, அது அவருக்கும் தெரியும். "எழுத்தை விடுங்க. பிறை மாதிரி இருக்கிற இந்த அடைப்புக்குறியை மட்டும் பாருங்க. இங்கே ஒரு கதவு திறக்குது. அப்புறம் இங்கே இன்னொண்ணு திறக்குது. மூடுறது எங்கே?"

இது நடந்தது 2022இல். புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருபது வருடத்துக்கு மேலாக டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கடை பில், நினைவு அஞ்சலி என்று கைக்கு வருவது எல்லாம். முல்லா வீதிப் பக்கம் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிக்காஹ் பத்திரிகை அப்போது வந்திருந்தது. பெண் வீடு இங்கே, மாப்பிள்ளை வீடு பாரிஸ் பக்கம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கல்யாணத்துக்கு ஊர் வருகிறார்கள். அதனால் மேலே அரபு, நடுவில் தமிழ், கீழே பிரெஞ்சு என்று மூன்று எழுத்தில் ஒரே அட்டை அடிப்பது எங்கள் ஊரில் வழக்கமான வேலைதான். ஹஜ்ரத் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் இவர், கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் வந்து, பஸ் மாறி, இந்த ஒரு வரிக்காக என் கடைக்கு வந்திருந்தார்.

அச்சடித்த அட்டையில் அந்த வரி சரியாக இருந்தது. அதே வரியை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் உடைந்துவிட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. அரபும் தமிழும் கலந்து அடிக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வரி இதுதான்: சில அரபுச் சொற்கள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஹிஜ்ரி ஆண்டு 1443. குடும்பத்தார் சரியாகத்தான் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்து என் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினேன். எழுத்துகள் சேர்ந்து, வலமிருந்து இடமாக ஓடின. வலது பக்கம் அரபு, அதற்கு இடது பக்கம் 1443. ஆண்டுக்கு வலப்புறம் ஒரு பிறை சரியாக நின்றது. இடப்புறத்தில் இருக்க வேண்டிய பிறையைக் காணோம். அது வரியின் வலது கோடியில், எல்லாவற்றுக்கும் முன்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிறையும் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்ததைக் கண்ணுக்குச் சரியாக்கினேன். வலது கோடியில் இருந்ததை அழித்தேன். இடப்பக்கம் வேண்டிய "(" குறியை எங்கெங்கோ கர்சரை வைத்துத் தட்டிப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் வைத்துத் தட்டியபோது அது இடது கோடியில், நான் நினைத்த இடத்தில், நினைத்த வளைவோடு வந்து நின்றது. சரி, முடிந்தது என்று அச்சுக்கு அனுப்பினேன். நானூறு அட்டை வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அந்த வரிக்குள் நான் உண்மையில் சேமித்து வைத்தது என்ன? முதலில் ஒரு திறப்பு அடைப்பு, பிறகு அரபுச் சொற்கள், பிறகு இன்னொரு திறப்பு அடைப்பு, பிறகு 1443. மூடும் அடைப்பே கிடையாது, அதை நான்தான் அழித்துவிட்டேன். என் மென்பொருளில் பத்தியின் திசை இடமிருந்து வலம் என்று இருந்ததால் அந்தப் பொய் மறைந்திருந்தது. போன் அந்தப் பத்தியில் அரபு எழுத்தைப் பார்த்ததும் திசையை வலமிருந்து இடம் என்று எடுத்துக்கொண்டது. நான் எழுதி வைத்ததை எழுதி வைத்த வரிசையிலேயே காட்டியது. ஹஜ்ரத் அதைத்தான் படித்தார். திறந்தது இரண்டு, மூடியது ஒன்றுமில்லை.

அவர் சொன்ன விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் பிறையின் வளைவைப் பார்த்தேன். அவர் அது செய்யும் வேலையைப் பார்த்தார். அரபு படிக்கிறவருக்கு வலப்பக்கம் வருவது திறப்பு, இடப்பக்கம் வருவது மூடல். கணினியும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. நாம் "(" என்று தட்டும் எழுத்துக்கு எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடின், 1991இல் வந்த முதல் பதிப்பில் பெயரே "திறக்கும் அடைப்பு" என்பதுதான். அப்புறம் அதை "இடது அடைப்பு" என்று மாற்றினார்கள். என் அபிப்பிராயத்தில் பழைய பெயரே மேல். இடது என்ற பெயரை நம்பித்தான் இடது பக்கம் வேண்டும் என்பதற்காக அதைத் தேடிப் பிடித்து வைத்தேன்.

விதி சின்னது. ஓர் எழுத்துக்குக் கணினி கடைசியில் முடிவு செய்யும் திசை வலமிருந்து இடமாக இருந்து, அந்த எழுத்துக்கு "கண்ணாடி போல் திரும்பும்" என்ற குணமும் யூனிகோடு பட்டியலில் இருந்தால், அதைத் திருப்பிப் போட்ட வடிவில் வரைய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பக் கூடாது. சேமித்த எழுத்து மாறுவதே இல்லை, வரையும் வடிவம் மட்டும்தான் மாறுகிறது.

தமிழ் தட்டச்சு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. யூனிகோடில் "கெ" என்று அடிக்கும்போது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்று சேமிக்கிறோம். திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. கொம்பு முன்னால் தெரிகிறதே என்று யாராவது அதை முதலில் சேமித்தால், தேடலில் அந்தச் சொல் கிடைக்காது, அகர வரிசையும் கெடும். யூனிகோடுக்கு முன் நாங்கள் வைத்திருந்த பாமினி என்ற தமிழ் எழுத்துருவின் காலத்தில் அப்படித்தான் செய்தோம்: கொம்பைத் தட்டிவிட்டு ககரம். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் சேமிக்கும் வரிசை. அந்தப் பழக்கம் என் விரலிலேயே இருந்தது. அரபு வரியிலும் அதையே செய்திருக்கிறேன் என்று ஹஜ்ரத் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அடைப்புக்குறிக்குச் சொந்தத் திசை இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். அரபு எழுத்து வலமிருந்து இடம், தமிழும் பிரெஞ்சும் இடமிருந்து வலம், இவை உறுதியானவை. அடைப்பு, இடைவெளி, கோடு எல்லாம் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் திசை எடுக்கும். இரண்டு பக்கமும் அரபு என்றால் அரபோடு போகும். ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் வரி முடிவு என்றால் பத்தியின் திசையைப் பிடித்துக்கொள்ளும். என் வரியில் மூடும் அடைப்பு கடைசியில் இருந்தது. பத்தி இடமிருந்து வலம். அதனால் அது வலது கோடிக்கு ஓடியது. 2013இல் வந்த யூனிகோடு 6.3இல்தான் அடைப்புகளை ஜோடியாகப் பார்த்து இரண்டுக்கும் ஒரே திசை கொடுக்கும் விதி சேர்ந்தது. அதற்கு முந்தைய மென்பொருளை இன்னும் வைத்திருக்கிறவர்கள் என்னைப் போலவே மாட்டிக்கொள்வார்கள்.

திருத்தம் ஒரே நிமிட வேலை. அரபு வரியைத் தனிப் பத்தியாக்கி, அதன் திசையை வலமிருந்து இடம் என்று வைக்க வேண்டும். அவ்வளவுதான், அடைப்பைத் தொடவே வேண்டாம். வேர்டில் அரபு விசைப்பலகையைச் சேர்த்திருந்தால் கன்ட்ரோலையும் வலது ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். பழையபடி மாற்ற கன்ட்ரோலும் இடது ஷிஃப்ட்டும். வலது ஓரமாகத் தள்ளி நிறுத்துவது வேறு, திசையை மாற்றுவது வேறு. வரியை வலப்பக்கம் ஒட்டி வைத்துவிட்டு அரபு ஆகிவிட்டது என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற தேர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூனிகோடு தமிழுக்கும் அது தேவை என்பதால், எங்கள் வேலைக்கு அதை எப்போதுமே போட்டு வைப்பது நல்லது.

ஹஜ்ரத்துக்கு அந்த வரியை அவர் கண்முன்னாலேயே புதிதாக அடித்து, பத்தித் திசையை மாற்றி, அவர் போனுக்கே அனுப்பினேன். வாசித்துப் பார்த்தார். "திறந்து மூடியாச்சு" என்றார். டீ வரவழைத்தேன். அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மனதில் நிற்கிறது. அவருடைய பாட்டி தமிழை அரபு எழுத்தில் படிப்பாராம். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். அர்வி என்றும் சொல்வார்கள். மொழி நம் தமிழ்தான், கண் மட்டும் வலமிருந்து இடம் போகும். கணினிக்கும் மொழி தெரியாது, எழுத்துதான் தெரியும். அர்வியில் எழுதிய தமிழ் வரியில் போடும் அடைப்புக்குறியும் அரபு வரியைப் போலவே திரும்பும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஓர் ஆசை வந்தது: இந்தத் திருப்பலை நிறுத்த ஒரு சுவிட்ச் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? தேடினேன், இருந்தது. விண்டோஸ் நோட்பேடில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில், கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்துகள் வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டு இதற்கென்றே உள்ளவை. யூனிகோடில் 206ஏ (206A) என்ற எண் கொண்டது திருப்பலை நிறுத்தச் சொல்வது, 206பி (206B) மறுபடி தொடங்கச் சொல்வது. சந்தோஷமாக 206ஏவை ஒரு சோதனை வரியில் வைத்துப் போனுக்கு அனுப்பினேன். எந்த மாற்றமும் இல்லை. வேறொரு போன், அதிலும் இல்லை. பிறகுதான் படித்தேன்: இந்த இரண்டும் கைவிடப்பட்ட எழுத்துகள், பயன்படுத்தவே வேண்டாம் என்று யூனிகோடு கடுமையாகவே சொல்கிறது. திருப்புவதுதான் இயல்பு நிலை. பட்டியலில் பெயர் இருப்பதால் வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். இவை வந்திருக்கும் கோப்பு கையில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் ஓர் அடைப்பு திரும்பக் கூடாது என்று உண்மையாகவே தேவைப்பட்டால்? உதாரணமாக, அரபுப் பத்தியின் நடுவே ஒரு கணக்குச் சமன்பாடு அல்லது கோப்பின் பெயர். அப்போது அடைப்பைத் தொடாமல் அதன் திசையைத்தான் மாற்ற வேண்டும். அந்தத் துண்டை முழுதாக இடமிருந்து வலம் என்று தனிமைப்படுத்தினால் உள்ளே இருக்கும் அடைப்பு தானாகவே திரும்பாமல் நிற்கும். 2013இல் அதே யூனிகோடு 6.3இல் வந்த நான்கு எழுத்துகள் இதற்கு உதவுகின்றன. 2066 போட்டால் அதன் பிறகு வருவது இடமிருந்து வலம், 2067 போட்டால் வலமிருந்து இடம், 2068 போட்டால் உள்ளே முதலில் வரும் உறுதியான எழுத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்யும். மூன்றில் எதைத் திறந்தாலும் 2069ஆல் மூட வேண்டும். வேர்டில் எண்ணைத் தட்டிவிட்டு ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் அந்த எழுத்து வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. இணையப் பக்கம் செய்கிறவர்களுக்கு ஹெச்டிஎம்எல்லில் பிடிஐ (bdi) என்ற டேக் இதே வேலையைச் செய்கிறது. அவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது.

மூடாமல் விடுவது நல்ல பழக்கமல்ல. பத்தி முடிந்தால் விளைவும் முடிந்துவிடும் என்றாலும், அதே பத்தியில் பின்னால் வருகிற எல்லாவற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். இந்த எழுத்துகளால் எவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்று 2021இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் காட்டினார்கள். நிரல் எழுதும் கோப்பில் இவற்றை ஒளித்து வைத்தால், படிக்கிறவருக்கு ஒரு வரிசையும் கணினிக்கு வேறு வரிசையும் தெரியும்படி செய்யலாம். அதற்குப் பிறகு பல நிரல் எடிட்டர்கள் இவற்றைக் கண்டால் எச்சரிக்கை காட்டுகின்றன. பத்திரிகை அடிக்கிற எனக்கு அது நேரடி ஆபத்து இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எங்கே வைத்தேன் என்று வேலைச் சீட்டில் குறித்து வைக்கும் பழக்கம் அதைப் படித்த பிறகுதான் வந்தது.

அடுத்த பாடம் ஆறு மாதம் கழித்து வந்தது. இன்னொரு நிக்காஹ் பத்திரிகை. அதில் குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் 21ஆம் வசனத்தை அலங்கார அடைப்புக்குள் போட வேண்டும். நிக்காஹ் அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் அது. நான் புதிதாகக் கற்ற விதிப்படி "இடது அலங்கார அடைப்பு" என்ற எழுத்தை முதலில் வைத்து, வசனத்தை ஒட்டி, "வலது" என்பதைக் கடைசியில் வைத்தேன். பத்தித் திசையும் சரி. ஆனாலும் இரண்டு அடைப்பும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

காரணம், எல்லா ஜோடியும் திரும்புவதில்லை. பிறை அடைப்பு, சதுர அடைப்பு, நெளி அடைப்பு, சிறிது-பெரிது குறிகள், பிரெஞ்சுக்காரர்களின் « » குறிகள் எல்லாம் திரும்பும். நாம் தமிழில் போடும் “ ” சுருள் மேற்கோள் திரும்பாது. சாய்கோடு திரும்பாது. அம்புக்குறி திரும்பாது, அரபு அட்டையில் "இந்தப் பக்கம் மண்டபம்" என்று அம்பு போட்டால், எந்தப் பக்கம் வரைந்தீர்களோ அந்தப் பக்கமே காட்டும். அது நல்லதுதான். கேள்விக்குறி திரும்பாது; அரபுக்குத் தனிக் கேள்விக்குறியும் தனிக் காற்புள்ளியும் உண்டு. குர்ஆன் வசனத்துக்கு உரிய அலங்கார அடைப்பு, பழைய வழக்கத்தை ஒட்டி, திரும்பாத பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே அரபு வரியில் "வலது" என்று பெயர் கொண்டதைத்தான் முதலில் வைக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்வதைவிட, புதிதாக ஒரு குறி வந்தால் அது திரும்புமா என்று ஒரு வரியில் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நிம்மதி.

« » குறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வரி அடிக்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம். அரபிலும் அதே குறி மேற்கோளுக்குப் பயன்படுகிறது. யூனிகோடில் « குறியின் பெயர் "இடது நோக்கும்" மேற்கோள் என்றே இருக்கிறது. ஆனால் அரபு வரியில் அதை முதலில் வைத்தால் வலது நோக்கித் தெரியும். பெயரை மறந்துவிட்டு "முதலில் வருவது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்று. அடைப்புகளை ஜோடியாகப் பார்க்கும் 2013 விதி « » குறிக்குக் கிடையாது. பிறை அடைப்பை மென்பொருள் காப்பாற்றுவதுபோல் இதைக் காப்பாற்றாது.

அதனால் நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் கவலை தந்த சம்பவம். பிரெஞ்சுப் பத்தி, திசை இடமிருந்து வலம். அதற்குள் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் அரபில், ஒவ்வொன்றும் « » குறிக்குள், நடுவில் வெறும் இடைவெளி. கீழ் வரியில் அதே பெயர்கள் அதே வரிசையில் பிரெஞ்சு எழுத்தில். திரையில் எல்லாக் குறியும் அழகாக, சரியான பக்கம் பார்த்து நின்றன. குறை ஏதும் என் கண்ணில் படவில்லை. ஹஜ்ரத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன், இப்போதெல்லாம் அரபு வேலை எதுவானாலும் அவரிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, மாப்பிள்ளை பேருக்கு மேலே பொண்ணு பேர் இருக்கே."

நடந்தது இதுதான். முதல் பெயரை மூடும் » குறியும், அடுத்த பெயரைத் திறக்கும் « குறியும் இரண்டு அரபுச் சொற்களுக்கு நடுவே இருந்தன. அதனால் அவை அரபுத் திசையை எடுத்துக்கொண்டன. இரண்டு பெயரும் ஒரே அரபு ஓட்டமாகி, முதல் பெயர் வலப்பக்கம், இரண்டாவது இடப்பக்கம் என்று இடம் மாறின. நடுவில் இருந்த குறிகள் திரும்பிக்கொண்டதால் தோற்றத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. திருப்பல் கச்சிதமாக நடந்ததே தப்பை மறைத்துவிட்டது. நடுவில் "மற்றும்" என்பதற்கு உரிய பிரெஞ்சுச் சொல் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அந்த எழுத்து ஓட்டத்தை வெட்டியிருக்கும். காற்புள்ளி, கோடு, & குறி எதுவும் வெட்டாது. ஒவ்வொரு பெயரையும் 2067 போட்டுத் திறந்து 2069 போட்டு மூடினேன். பெயர்கள் தத்தம் இடத்துக்கு வந்தன. இரண்டு பெயருக்கு நடுவே 200ஈ (200E) என்ற இடமிருந்து-வலம் குறியை வைத்தாலும் போதும், ஆனால் பெயரைத் தனிமைப்படுத்துவது உறுதியானது. நாளைக்கு யாராவது மூன்றாவது பெயரைச் சேர்த்தாலும் கெடாது.

எண்களில் இதைவிட அபாயம் உண்டு, ஏனென்றால் எண்ணுக்குள் திரும்பும் குறி எதுவும் இல்லை, தப்பு தெரியவே தெரியாது. நம் ஊரில் கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டு எழுதுகிறோம். அரபுப் பத்தியில் அந்த இரண்டு ஐந்தும் இடம் மாறித் தெரியும். முன்னால் இருக்கும் கூட்டல் குறி எண்ணின் மறுபக்கம் போய் ஒட்டும். அட்டையைப் பார்த்து அழைக்கிறவர் வேறு யாரையோ அழைப்பார். அரபு எழுத்துக்குப் பின்னால் தேதியைச் சிறு கோட்டால் பிரித்து எழுதினாலும் இதே கதைதான். 05-02-22 என்று தட்டியது 22-02-05 என்று தெரியும். இரண்டும் தேதி மாதிரியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சாய்கோட்டாலோ புள்ளியாலோ பிரித்தால் வரிசை மாறாது. அரபு வரியில் சிறு கோட்டுத் தேதியை நான் இப்போது போடுவதே இல்லை. தொலைபேசி எண்ணை 2066க்கும் 2069க்கும் நடுவில் வைக்காமல் எந்தக் கோப்பும் என் கடையிலிருந்து போவதில்லை.

கடைசியாக, பாமினி கோப்புகள் வைத்திருக்கும் தமிழ் டிடிபிக்காரர்களுக்கு மட்டும் நேரக்கூடிய ஒன்று. பழைய பத்திரிகையிலிருந்து "ஜனாப்" என்ற சொல்லை எடுத்து, அரபு வரிக்குக் கீழே தனி வரியாக ஒட்டினேன். மேல் வரியின் வலமிருந்து-இடத் திசை கீழ் வரிக்கும் தொற்றிக்கொண்டது. திரையில் "ஜனாப்" என்பதற்குப் பதில் முன்னால் ஒரு தனிப் புள்ளி, பிறகு "னாப", கடைசியில் ஒரு "ஸ". ஜகரம் எப்படி ஸகரம் ஆகும்? எழுத்துரு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பாமினியில் ஜ என்று தெரிவது உண்மையில் "[" என்ற சதுர அடைப்பு. ஸ என்பது "]". எழுத்துரு அந்த அடைப்பின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். புள்ளியும் அப்படியே, அது அரைப்புள்ளிக் குறி. ன, ப போன்றவை ஆங்கில எழுத்துகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அசையவில்லை. சொல்லின் தொடக்கத்தில் இருந்த "[" பத்தியின் திசையை எடுத்துக்கொண்டு வலது கோடிக்குப் போனது. போனதோடு, விதிப்படி திரும்பி "]" ஆகத் தெரிந்தது. அங்கே எழுத்துருவில் இருப்பது ஸ. கணினி தன் விதியை ஒழுங்காகத்தான் நடத்தியது. அடைப்புக்குறிக்குத் தமிழ் உருவம் கொடுத்தது நாங்கள் அந்நாளில் செய்த ஏற்பாடு. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றியதும் ஜ உண்மையான ஜகரம் ஆனது, எந்தப் பத்தியில் வைத்தாலும் ஜகரமாகவே நிற்கிறது. பாமினியில் இருபது வருட வேலை என்னிடம் இருக்கிறது. அரபு கலந்த பத்திரிகைகளை மட்டுமாவது முதலில் மாற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன்.

அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்தை வெறும் வரைபடமாக, அதாவது வளைகோடாக மாற்றி அனுப்பிவிட்டால் அச்சகத்தில் எதுவும் மாறாது என்று சிலர் சொல்வார்கள். அட்டைக்கு அது சரிதான், நானும் செய்கிறேன். ஆனால் எழுத்தாக இருக்கும் மூலக் கோப்பையும் தனியே வைத்திருக்க வேண்டும், அதில் வரிசை உண்மையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அட்டை அடித்த பிறகு பாரிஸிலிருந்து யாராவது "அந்த வரியை மட்டும் போனுக்கு அனுப்புங்க அண்ணே" என்று கேட்பார்கள். கேட்காத கல்யாணமே இப்போது இல்லை.

அதனால் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். வடிவமைப்பு முடிந்ததும் அரபு வரிகளை மட்டும் நகல் எடுத்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், வேறொரு மென்பொருளில் அந்த வரி எப்படி நிற்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். அங்கே கெட்டால் மூலமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே சரியாக இருந்தால் அதே வரி பரங்கிப்பேட்டைக்குப் போகும். ஹஜ்ரத் வாய்ஸ் நோட்டில் நிதானமாகப் படித்து அனுப்புவார். அடைப்பு வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, "இங்கே திறக்குது" என்பார். கொஞ்சம் கழித்து, "மூடியாச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அச்சகத்துக்குப் போன் செய்வேன்.